விதைநெல் தளத்தை மீட்டது: ஹேக்கிலிருந்து சாவி வரை

பாரம்பரிய நெல் விதைகளைக் காக்கும் ஓர் அறக்கட்டளையின் பெயரைக் கூகுளில் தேடினால் முதல் முடிவாக அவர்களுடைய தளம்தான் வந்தது. ஆனால் தலைப்பு ஜப்பானிய எழுத்தில் இருந்தது. அழுத்தினால் கைப்பையும் கைக்கடிகாரமும் விற்கும் ஏதோ ஒரு கடை திறந்தது. தளத்தின் முகவரியை நேரடியாக உலாவியில் அடித்தாலோ எந்தக் கோளாறும் தெரியாது. வயல் படம், வணக்கம், தொடர்பு எண் எல்லாம் வழக்கம்போல இருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் முகவரியை அடித்துத்தான் திறப்பார்கள், அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நன்கொடை அனுப்பலாம் என்று தேடிப் பார்த்துவிட்டு, "உங்க சைட்ல வேற என்னமோ வருதே" என்று போன் செய்த பிறகுதான் விஷயம் என்னிடம் வந்தது.

அது 2023 ஜூன். மேட்டூர் திறந்தாகிவிட்டது, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று எல்லோரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நான் மன்னார்குடியில் இருந்துகொண்டு இணையதள வேலை செய்பவன். கடைகள், பள்ளிகள், திருமண மண்டபங்கள் என்று பிழைப்புக்குச் செய்யும் தளங்கள் ஒரு பக்கம், இதுபோன்ற சிறு அறக்கட்டளைகளின் தளங்கள் இன்னொரு பக்கம். எனக்கு மனம் அதிகம் ஒட்டுவது இரண்டாவதில்தான்.

இந்த அறக்கட்டளை திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பாரம்பரிய நெல் விதைகளைப் பாதுகாத்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித் தருகிறது. அந்த வட்டாரத்துக்கு விதைநெல் புதிதில்லை. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் ஐயா வாழ்ந்த மண். 2018 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் வைத்த வழக்கம் இன்னும் இருக்கிறது. இவர்களும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். எந்த ரகம் எந்த மண்ணுக்கு, எவ்வளவு நாள் பயிர், எது உப்பைத் தாங்கும் என்று பல ஆண்டுகளாக விவசாயிகளிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் அந்தத் தளத்தில்தான் இருந்தன. வேறு எங்கும் முழுதாக இல்லை.

வேலையைத் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா, நான் பக்கத்தில் இல்லாமல், தன் போனிலிருந்தே இந்தத் தளத்தை நடத்த முடிய வேண்டும். பிற்பாடு எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

புகுந்ததை வெளியேற்றியது

இந்த வகை ஹேக்கில் ஒரு தந்திரம் உண்டு. தேடுபொறியிலிருந்து வருகிறவருக்கும் தேடுபொறியின் ரோபோவுக்கும் மட்டும் வேறு பக்கத்தைக் காட்டும்; மற்றவர்களுக்கு உண்மையான பக்கம். உலாவி இல்லாமலே பக்கத்தை இழுக்கும் கர்ல் என்ற கட்டளையில், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லும் ரெஃபரர் இடத்தில் கூகுள் முகவரியைக் கொடுத்துப் பக்கத்தை இழுத்தேன், மறைந்திருந்த கடை அப்படியே வந்து நின்றது. உங்கள் தளத்தில் சந்தேகம் என்றால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். கட்டளை எல்லாம் வேண்டாம் என்றால், கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, தளத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். உங்களுடையது அல்லாத பக்கங்கள் வரிசையாக வந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள்.

முதல் வேலை, கெட்டுப்போன நிலையிலேயே முழுத் தளத்தையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்து வைத்தது. சுத்தம் செய்யும் வேகத்தில் நல்லதையும் சேர்த்துத் துடைத்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பிறகு பார்த்தால் படங்கள் மட்டும் இருக்க வேண்டிய பதிவேற்றக் கோப்புறைக்குள், சர்வரில் நிரலாக ஓடக்கூடிய பிஎச்பி கோப்புகள் கிடந்தன. யாரும் உருவாக்காத நிர்வாகி கணக்கு ஒன்று. தேடல் முடிவுகளைத் தளத்தின் உரிமையாளர் கவனிக்கும் இடமான கூகுள் சர்ச் கன்சோலில், முன்பின் தெரியாத ஒருவர் தளத்தின் உரிமையாளராகவே பதிவாகியிருந்தார். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் பார்ப்பதில்லை. தளத்தைச் சுத்தம் செய்து முடித்தாலும் அந்த உரிமையாளரை நீக்காவிட்டால் தேடல் முடிவுகளின் பிடி அவர் கையில் இருக்கும்.

கெட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி நீக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்று தப்பினாலும் அடுத்த வாரம் மறுபடி முளைக்கும். அதனால் தளத்தை நடத்தும் மென்பொருளான பழைய வேர்ட்பிரஸ், அதன் தோற்றத்துக்கான தீம், கூடுதல் வசதிகளுக்கான ப்ளக்இன் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். பழைய இடத்திலிருந்து வந்தவை இரண்டுதான்: உண்மையிலேயே படம்தானா என்று சோதித்த படங்கள், வரிவரியாகப் பார்த்த தரவுத்தளம். சர்வரில் ஓடியது பிஎச்பி 5.6. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன. பெரும்பாலும் வழி கொடுத்தது, நெடுநாளாகப் புதுப்பிக்காமல் கிடந்த ஒரு ஸ்லைடர் ப்ளக்இன். முகப்பில் படங்கள் நகர வேண்டும் என்பதற்காகப் போட்டது. திருப்பிப் போடவில்லை.

தரவுத்தளமே இல்லாத நிலைத்தளமாக மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். ஹ்யூகோ போன்ற கருவியில் செய்தால் ஹேக் செய்ய உள்ளே ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, வேகமும் அதிகம். என் சொந்த விருப்பம் அதுதான். ஆனால் அக்காவால் அதில் எழுத முடியாது. வேர்ட்பிரஸ் என்றால் போன் செயலியில் எழுதலாம்; நாளைக்கு நான் ஊரில் இல்லையென்றாலும் திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ தெரிந்த பிள்ளைகள் பத்துப் பேராவது கிடைப்பார்கள். எனவே நடப்புச் செய்திக்கு வேர்ட்பிரஸ், இனி மாறவே போகாத பழைய ஆவணப் பக்கங்களுக்கு மட்டும் வெறும் எச்டிஎம்எல். ப்ளக்இன்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்து, தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தேன்.

காணாமல் போன பக்கங்களுக்கு, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் கைகொடுத்தது. இடையில் ஒருமுறை ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்தை, மாற்றியபோது 2018க்கு முந்தைய குறிப்புகள் பல தொலைந்திருந்தன. வேபேக்கில் பழைய பக்கத்தைத் திறந்தால் அது தன் பட்டையையும் தன் இணைப்புகளையும் சேர்த்துக் காட்டும். முகவரியில் இருக்கும் நீளமான தேதி எண்ணுக்குப் பின்னால் ஐ, டி, அடிக்கோடு இவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்தால் மூலப்பக்கம் மாறாமல் அப்படியே கிடைக்கும். தளம் தொலைத்தவர்களுக்கு இது பெரிய உதவி.

பாமினியில் கிடந்த குறிப்புகள்

மீட்ட பக்கங்களைத் திறந்தால் இரண்டு விதமான குப்பை.

ஒன்று, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் இருக்கும் ஆர் குறியும் மாறி மாறி வருவது. தமிழ்த் தளங்களைக் கையாண்ட யாருக்கும் இந்த முகம் பழக்கம். இன்று இணையத்தில் எழுத்தைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுக்கும். அதை மேலைநாட்டு மொழிகளுக்கான பழைய முறையான லத்தீன்-1 என்று நினைத்துப் படித்தால் மூன்று மேலைநாட்டு எழுத்துகளாகத் தெரியும். சேமிப்பில் இருந்த பைட்டுகள் சரியானவை, அட்டவணைக்குக் கொடுத்திருந்த எழுத்துவகைப் பெயர்தான் தவறு. இந்த நிலையில் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லை நேரடியாக யூடிஎஃப்-8க்கு மாற்றச் சொன்னால், அது ஒவ்வொரு பைட்டையும் லத்தீன் எழுத்தாகவே எண்ணி மறுபடி மாற்றி இன்னும் கெடுத்துவிடும். முதலில் அந்த நெடுவரிசையை ப்ளாப் வகைக்கு, அதாவது எழுத்தே இல்லாத வெறும் பைட்டாக, மாற்ற வேண்டும். அதன் பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்ல வேண்டும். தமிழ் பளிச்சென்று வந்துவிடும். எம்பி4 இல்லாத பழைய யூடிஎஃப்8 தமிழுக்குப் போதும்தான், ஆனால் ஒரு எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். போனில் எழுதுகிறவர் ஒரு ஸ்மைலி போட்டதும் அந்தப் பதிவு அங்கேயே தடுக்கிவிடும்.

இன்னொன்றுதான் நிஜமான வேலை. பழைய ரகக் குறிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் தமிழ் என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துரு அது. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். போனில் ஜே, கே, பி, ஓ தெரியும். தேடுபொறிக்கும் அதுதான். எல்லாக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது, ஆனால் அச்சகங்களிலும் சிறு அமைப்புகளிலும் பாமினியும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களும் வெகுகாலம் ஓடின. இந்தக் குறிப்புகள் அந்தக் காலத்தவை. குழியடிச்சான் உப்பு நிலத்தைத் தாங்கும் என்று எழுதியிருந்த பக்கத்தை, உப்பேறிய நிலத்தில் நிற்கும் வேதாரண்யத்து விவசாயி கூகுளில் தேடினால் கண்டுபிடிக்கவே முடியாத நிலை.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே நம்பக் கூடாது. காரணம் எழுத்து வரிசை. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம்: கொ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. மாற்றி இதைத் திருப்பி அடுக்க வேண்டும். இந்த அளவுக்குப் பெரும்பாலான மாற்றிகள் சரியாகச் செய்கின்றன.

சிக்கல் ஔகாரத்தில். கௌ என்பதைப் பாமினியில் ஒற்றைக்கொம்பு, க, ள என்று அடிப்பார்கள். ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசைதான். அதனால் கொம்பு, மெய், ள என்று மூன்றும் வந்தால் ஔகாரம் என்று சில மாற்றிகள் முடிவு செய்துவிடும். விளைவு என்ன தெரியுமா? வெள்ளம் என்பது வௌ்ளம் ஆகிவிடுகிறது. வெள்ளாமை, வெள்ளையாறு, தெளிப்பு, வெளியூர் எல்லாம் இதே கதி. டெல்டாவில் நெல்லைப் பற்றி எழுதிய பக்கத்தில் வெள்ளமும் வெள்ளாமையும் தெளிப்பும் இல்லாமல் ஒரு பத்தி நகராது! சில திரைகளில் புள்ளி வட்டம் ஒன்று நடுவில் நிற்கும், அது கண்ணில் படும். சில எழுத்துருக்களில் கண்ணுக்கு ஏறக்குறைய சரியாகவே தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது, படித்துக் காட்டும் செயலி தடுமாறும். இந்த இரண்டாவது வகைதான் பொல்லாதது.

இதற்கு ஒரு சின்ன விதி போதும். அந்த ளகரத்துக்கு அடுத்து ஒரு புள்ளியோ கால், கொக்கி போன்ற குறியோ வந்தால் அது ளகரமேதான், ஔகாரம் அல்ல. ஔகாரத்தின் மேல் இன்னொரு குறி ஏற முடியாது. ஒன்றும் வராவிட்டால் மட்டும் கௌரவம், பௌர்ணமி, மௌனம் மாதிரி இருக்கலாம், அவற்றைத் தனியாகப் பட்டியல் எடுத்துக் கண்ணால் பார்த்துவிடலாம். மாற்றி நிரலில் இந்த விதியைச் சேர்த்து ஓட்டினேன். கண்ணால் பார்க்க வேண்டியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன.

அப்புறம் நெல் பெயர்கள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, காட்டுயானம், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று எந்தப் பெயரையும் எழுத்துத் திருத்தி அறியாது. அக்காவும் விதை வங்கியைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவும் அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு சேர்ந்து படித்தார்கள். "இது கவுனியா கௌனியா, எப்படிப் போடணும்?" என்று நான் கேட்டதற்கு ஐயா, "ரெண்டு மாதிரியும் எழுதுறாங்க தம்பி. ரெண்டையும் போட்டா தேடுறவங்களுக்குக் கிடைக்கும்ல" என்றார். சரியான பதில். தலைப்பில் கவுனி, பக்கத்தின் உள்ளே கௌனி என்றும் சொல்வதுண்டு என்று ஒரு வரி. எல்லா ரகத்துக்கும் வட்டாரப் பெயர்களை இப்படியே சேர்த்தோம்.

தேடலுக்கு இன்னும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. யூனிகோடுக்கு வந்த பிறகும் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. சில விசைப்பலகைகளும் மாற்றிகளும் இரண்டாவது விதத்தில் விடுகின்றன. தளத்துக்குள் கொத்தமல்லி என்று தேடினால் பாதிப் பக்கங்கள் வராது. சேமித்த உரை, தேடும் சொல் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. பிஎச்பியில் இதற்கு நார்மலைசர் உண்டு, ஒரே வரி வேலை. மேலே சொன்ன வௌ்ளத்தை இது சரிசெய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

யாருடைய பெயர், யாருடைய படம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வரை தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் இந்த அறக்கட்டளை தார்ப்பாயும் அரிசியும் தென்னங்கன்றும் கொடுத்தது. கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், வாங்கியவர்கள் பட்டியலைப் பிடிஎஃப் கோப்பாகத் தளத்தில் போட்டிருந்தார்கள். பெயர், தந்தை பெயர், தெரு, கைப்பேசி எண், ஆதார் எண்.

ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கூரை பறந்துபோன நேரத்தில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்ட ஒருவர், தன் எண் உலகத்துக்கே தெரியும்படி ஐந்து ஆண்டுகள் கிடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். பொறுப்பாளர் ஐயாவிடம் சொன்னதும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துடுங்க தம்பி, முதல் வேலையா அதை எடுத்துடுங்க."

எடுப்பது ஒரே இடத்தில் முடிகிற வேலையல்ல. சர்வரிலிருந்து கோப்பை நீக்கி, அந்த முகவரிக்கு 410 பதில் வரும்படி செய்தேன். இனி இங்கே அது கிடையாது, நிரந்தரமாக எடுத்தாகிவிட்டது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை கொடுத்தேன். அந்தக் கோரிக்கை தற்காலிகமானது, சுமார் ஆறு மாதம்தான் மறைக்கும். அதனால் 410 இல்லாமல் அதை மட்டும் நம்ப முடியாது. நம் பழைய பக்கங்களைக் காப்பாற்றித் தந்த வேபேக் மெஷினிலும் இந்தப் பட்டியலின் நகல் இருந்தது. அந்த ஒரு கோப்பை மட்டும் விலக்கச் சொல்லி ஆர்க்கைவுக்கு அறக்கட்டளையின் மின்னஞ்சலிலிருந்து எழுதினோம். மூலப் பட்டியல் அலுவலக பீரோவில் தாளாக இருக்கிறது, தணிக்கைக்கு அது போதும். தளத்தில் இப்போது ஊர்வாரியாக எத்தனை குடும்பம், என்ன பொருள் என்று மட்டும் இருக்கிறது. வெளிப்படைத்தன்மைக்கு அதுவே வேண்டிய அளவு.

மாலை வகுப்புப் படங்கள் இதைவிட மனதைச் சங்கடப்படுத்தின. பிள்ளைகளின் முகத்துக்குக் கீழே பெயர், பள்ளி, வகுப்பு, சிலருக்கு "தந்தையை இழந்தவர்" என்றும் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், தன் படத்தை எடுத்துவிட முடியுமா என்று அக்காவிடம் முன்பே கேட்டிருக்கிறார். எப்படி எடுப்பது என்று யாருக்கும் தெரியாமல் அது நின்றுபோயிருக்கிறது. உதவி வாங்கியது யாருடைய முகத்தோடும் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பெற்றோரிடமோ, வளர்ந்த பிள்ளைகளிடம் நேரடியாகவோ கேட்டு, சரி என்றவர்களின் படத்தை மட்டும் திரும்ப ஏற்றினோம். பெயர் போடவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஆகஸ்டில், தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 18 வயது ஆகாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அக்கா ஒரு சம்மதப் படிவத்தைத் தமிழில் அரைப் பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம், எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்ற இரண்டு வரிகளை அவரே சேர்த்தார்.

படக் கோப்புகளிலும் ஒன்று ஒளிந்திருந்தது. போனில் எடுத்த படத்தில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகியிருக்கும். வேர்ட்பிரஸ் சிறிதாக்கி வைக்கும் நகல்களில் அது போய்விடலாம், ஆனால் ஏற்றிய மூலப் படம் சர்வரில் அப்படியே கிடக்கும். வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் வீட்டு முகவரியைக் கொடுத்ததற்குச் சமம். எக்சிஃப்டூல் கொண்டு எல்லாவற்றிலும் அதைத் துடைத்தேன். கையோடு 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்-பி என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றினேன். நாலு எம்பி, ஐந்து எம்பி என்று இருந்தவை நூற்றுச் சொச்சம் கேபிக்கு வந்தன. சிக்னல் ஒரு கோடு காட்டும் ஊர்களில் பக்கம் திறப்பது இதனால்தான். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா என்று கருவியிலேயே நல்ல எழுத்துரு இருக்கிறது. வரிகளுக்கு இடையே இடம் மட்டும் தாராளமாக விட்டேன், எழுத்து அளவில் 1.7 மடங்கு. ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியில் நம் மேல்விலங்கும் கீழ்விலங்கும் ஒன்றையொன்று இடிக்கும்.

நன்கொடைப் பக்கம்

முகப்பில் ஒரு க்யூஆர் படம் இருந்தது. போனில் பார்க்கிறவர் தன் போன் திரையைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் செய்வார்? யூபிஐ செயலியைத் திறக்கும் இணைப்பை ஒரு பொத்தானாகக் கொடுத்து, கணினியில் பார்த்தால் மட்டும் க்யூஆர் தெரியும்படி வைத்தேன். கணக்கு அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டோம்.

வெளிநாட்டுப் பணம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், பல சிறு அமைப்புகள் இதில் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன. டெல்டாவில் பாதி வீட்டுக்குச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாத் தொடர்பு உண்டு. வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கும் தனிக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இவர்களுக்கு அந்தப் பதிவு இல்லை. ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே மனிதர் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால் ஆகும், ஊர்க்காரராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும். பொத்தானுக்கு மேலேயே இதை இரண்டு எளிய வாக்கியங்களில் எழுதி, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மட்டும் அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். போன் செய்த அந்தச் சிங்கப்பூர்க்காரர் இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார். அவர் நன்கொடையைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது கேட்பவர்கள் பான் எண் தர வேண்டியிருந்தது. 2023இல் இருந்த விதிப்படி, ஆண்டு முடிந்ததும் மே 31க்குள் அறக்கட்டளை 10பிடி படிவம் தாக்கல் செய்து, நன்கொடையாளருக்கு 10பிஇ சான்று கொடுக்க வேண்டியிருந்தது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது என்பதையும் பக்கத்தில் எழுதினோம். பான் எண்ணைத் தளத்தின் படிவத்தில் வாங்கலாமா என்ற கேள்வி வந்தபோது வேண்டாம் என்றேன். தளம் சேமிக்காத எண்ணை யாரும் தளத்திலிருந்து திருட முடியாது. பணம் வந்ததும் அக்கா அழைத்துக் கேட்டுக் கணக்கேட்டில் எழுதிக்கொள்கிறார். நன்றி சொல்லவும் அது ஒரு வழி.

சாவிகள்

தளத்தின் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, பல ஆண்டுகளுக்கு முன் தன்னார்வலராக இருந்த ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். நல்ல மனிதர், கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தார். அவர் கிடைக்காமல் போயிருந்தால்? டொமைன் காலாவதியானால் பதிவாளர் கொஞ்ச நாள் பொறுப்பார். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாள் காத்திருப்பு. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கைப்பைக் கடைக்காரன் உள்ளே புகுந்ததைச் சுத்தம் செய்ய முடிந்தது. பெயரே அவன் கைக்குப் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

எல்லாச் சாவியும் இப்போது அறக்கட்டளையின் பெயரில் தொடங்கிய ஒரே மின்னஞ்சலின் கீழ் இருக்கிறது: டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் நிர்வாகி, சர்ச் கன்சோல், யூடியூப். இரண்டடுக்குச் சரிபார்ப்பு அலுவலகத்திலேயே இருக்கும் போனில். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்செடுத்து, அறக்கட்டளைப் பத்திரம் இருக்கும் உறையில் போட்டு பீரோவில் வைத்தாகிவிட்டது. பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பினுடையது, காலாவதியாகும் முன்பே தானே புதுப்பித்துக்கொள்ளும். அக்காவுக்கு அன்றாட வேலைக்கு எடிட்டர் உரிமை போதும். நிர்வாகி கணக்கைத் தேவை வரும்போது மட்டும் திறப்பார்கள்.

நகலெடுப்பு வாராவாரம் தானாக நடக்கிறது. அதை நம்ப வேண்டுமென்றால் ஒருமுறையாவது திருப்பி ஏற்றிப் பார்க்க வேண்டும். அலுவலகக் கணினியில் அக்காவை உட்காரவைத்து, அவர் கையாலேயே நகலிலிருந்து தளத்தை எழுப்பவைத்தேன். நான் விசைப்பலகையைத் தொடவில்லை. முடிந்ததும், "இவ்வளவுதானா? அப்ப அடுத்த புயலுக்குக் கரண்ட் போனாலும் பயமில்ல" என்றார். வெளியூரில் இன்னொரு நகல் இருப்பதால் அவர் சொன்னது உண்மைதான்.

ஆவணியில் சம்பாவுக்கான விதை இருப்பை அவரே போனில் ஏற்றினார். ரகம், எத்தனை கிலோ இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு அதைச் சொல்லும் மாற்று உரையும் விடாமல் எழுதியிருந்தார்: "சாக்கில் தூயமல்லி விதை, பக்கத்தில் மரக்கால்." போன் திரையைப் படித்துக் காட்டும் டாக்பேக் செயலியில் படிக்கும் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் மாலை வகுப்புக்கு வருகிறார், அவரிடம் ஓடவிட்டுக் காட்டினோம், மரக்கால் வரை தெளிவாகப் படித்தது.

பாக்கி இருப்பது பழைய சிடிக்களில் உள்ள, அச்சுப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள். அவையும் பாமினிதான், அச்சில் வந்த செய்திமடல்கள், நிறைய ரகக் குறிப்புகள். சிடி டிரைவ் ஒன்று இரவல் வாங்கியிருக்கிறோம். மாற்றி நிரலை ஓட்டுவது எப்படி என்று அக்காவின் தங்கை மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது, சனிக்கிழமைகளில் அவர் ஒவ்வொரு சிடியாகப் பார்த்து வருகிறார். படிக்க முடியாமல் கீறல் விழுந்தவற்றை மட்டும் என்னிடம் அனுப்புவார்.